கடதாசி என்ற சொல்லுக்குள் ஒரு கப்பல்



எழுதுகிற தாளை நாங்கள் பேச்சில் கடதாசி என்றுதான் சொல்கிறோம். சிங்களச் சகோதரர்களும் கடதாசி என்றே சொல்கிறார்கள். இந்தச் சொல் போர்த்துக்கேயரின் 'கார்த்தாஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. அதன் மூலம் அரபியின் 'கிர்தாஸ்'. அந்தச் சொல் குர்ஆனில் சூரா அல்அன்ஆமில் வருகிறது. எங்கள் மார்க்கத்தின் மொழியிலிருந்து புறப்பட்ட சொல், போர்த்துக்கேயரின் கப்பலில் ஏறி எங்கள் வாய்க்கு வந்திருக்கிறது.

அந்தக் கார்த்தாஸ் சாதாரணக் கடதாசி அல்ல. அது ஒரு கப்பல் அனுமதிச்சீட்டு.

முதலில் அதற்கு முந்திய காலத்தைப் பார்ப்போம். எங்கள் முன்னோர் கடலை நம்பி வாழ்ந்த வணிகர்கள். கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நீதமாக எழுதட்டும், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிட்ட சூரா அல்பகராவின் 282ஆவது ஆயத்துத்தான் குர்ஆனிலேயே நீளமான ஆயத்து. அடுத்த ஆயத்து, பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்கிறது.

எங்கள் நாட்டிலும் அப்படி எழுதிவைத்த நீதி ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் ஒரு கல்வெட்டு வைத்தான். வெளிநாட்டு வணிகர்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன், தமிழ்க் கல்வெட்டு, அந்நிய வணிகன். உடைந்த கப்பலின் சரக்கிலும் உடையவனுக்கு உரிமை உண்டு என்று கல்லிலேயே எழுதினார்கள்.

16ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கடல் எங்களுடையது, அதில் போகிறவன் எங்களிடம் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள் போர்த்துக்கேயர். கப்பலின் பெயர், நகுதாவின் பெயர், அளவு, ஆட்கள், ஆயுதங்கள், போகும் இடம் எல்லாம் கார்த்தாஸில் எழுதப்பட்டன. எந்தச் சரக்கு ஏற்றக்கூடாது, எந்தக் கோட்டையில் வரி கட்ட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். மலபாரின் அறிஞர் ஸைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் அந்தக் கொடுமைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

ஹஜ்ஜுக்குப் போகவும் அதே சீட்டு வேண்டியிருந்தது. சீட்டில் மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவங்கள் இருந்ததால், அக்பர் காலத்தில் கடல்வழி ஹஜ்ஜைப் பற்றியே மார்க்கச் சர்ச்சை எழுந்தது. சீட்டு வாங்கியவர்களாவது தப்பினார்களா? 1613இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான 'ரஹீமி' என்ற கப்பலை, கையில் சீட்டு இருந்தும் போர்த்துக்கேயர் பிடித்தார்கள். பேரரசரின் உம்மாவுக்கே அந்தக் கதி என்றால், எங்கள் கரையோரச் சிறு வணிகரின் கதி என்ன?

இலங்கைச் சோனகரின் கடல் வணிகம் தேய்ந்ததற்கு இந்தச் சீட்டு முறையும் ஒரு காரணம். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 1961இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரை எங்கள் ஊரும் மட்டக்களப்புத்தானே. அதற்கு முன்னரும் இந்தக் கரையில் எங்கள் மக்கள் இருந்தார்கள். ஆனாலும் கடலைப் பார்த்து வாழ்ந்த ஒரு கூட்டம் வயலைப் பார்த்துத் திரும்பியதில் 1626க்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைக்கு வருவோம். கப்பலில் சரக்கு ஏற்றினால் கொடுக்கும் பத்திரம் 'பில் ஒஃப் லேடிங்'. அதற்கு மூன்று வேலைகள்: சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு, ஒப்பந்தத்துக்கான சாட்சி, சரக்கின் உரிமைப் பத்திரம். 1924இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகளின் வழியில், எங்கள் நாட்டிலும் 1982இல் கடல்வழிச் சரக்கேற்றச் சட்டம் வந்தது. பொதிகளின் எண்ணிக்கையும் வெளித்தெரியும் நிலையும் அந்தப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்கென்றால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறோம்? கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் எங்கள் பிள்ளைகள் கார்கோவில் சாமான் போடுகிறார்கள். கையில் கிடைக்கும் துண்டுக் கடதாசியை யாரும் வாசிப்பதில்லை. பல நேரங்களில் அது பில் ஒஃப் லேடிங்கே அல்ல. பலருடைய பொதிகள் ஒரே கொள்கலனில் போகும். பத்திரம் கம்பனியின் பெயரில் இருக்கும். பெட்டி வராவிட்டால், உடைந்து வந்தால், எங்கள் கையில் ஆதாரம் இல்லை. ஆகவே சாமான் பட்டியலை நீங்களே எழுதி, அதில் ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். பெட்டி வந்ததும் அன்றைக்கே திறந்து பாருங்கள்.

2004 சுனாமி எங்கள் கரையில் உயிர்களோடு உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் கொண்டுபோனது. கடதாசி இல்லாதவன் தன் வளவையே தன்னுடையது என்று நிரூபிக்க அலைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

அன்று ஒரு கடதாசியை வைத்து எங்களைக் கடலிலிருந்து விரட்டினார்கள். அதை எழுதியவர்கள் அவர்கள். நமது கடதாசியை நாமே வாசிப்போம், நாமே எழுதுவோம், பிள்ளைகளுக்கும் பழக்குவோம். எழுதிக்கொள்ளுங்கள் என்பது எங்களுக்கு வந்த கட்டளையல்லவா?

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தங்களுக்கும் இதை அனுப்பிவையுங்கள். வஸ்ஸலாம்.