ஆயிரம் தொகுதிகளைப் புரட்டிய மாணவர்: பப்மெட் பிறந்த கதை

1860ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவ மாணவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுத உட்கார்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள், வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு என்ன ஆயிற்று, பிழைத்தவர் எத்தனை பேர், குணமானவர் எத்தனை பேர் என்று புள்ளிவிவரம் கொடுக்க நினைத்தார். எந்த மருத்துவரும் நோயாளி முன் கத்தியை எடுப்பதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்விதான் அது.

ஊரில் இருந்த நூலகங்களையும், தனியார் வைத்திருந்த புத்தகச் சேகரிப்புகளையும் துழாவிவிட்டார். வேண்டிய நூல்களில் பெரும்பாலானவை அங்கே இல்லை. பிலடெல்பியா, நியூயார்க் என்று தேடல் நீண்டது. சுமார் ஆறு மாதம் இப்படிப் போன பிறகு அவருக்கு மூன்று விஷயங்கள் உறுதியாகின. ஒன்று, ஒரு சிறு கேள்விக்காக ஆயிரம் தொகுதிகளைப் புரட்டுவது பெரும்பாடு. அவற்றின் பின்னால் உள்ள பொருளடைவுகளை நம்பவும் முடியாது. இரண்டாவது, உலகில் எங்கெங்கோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நூல்களும் இதழ்களும் சிதறிக் கிடக்கின்றன. மூன்றாவது, ஒரு மாணவர் நம்பிப் போகக்கூடிய மருத்துவ நூலகம் என்று அமெரிக்காவில் ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. பில்லிங்ஸ் ராணுவ அறுவை மருத்துவராகப் போர்க்களம் போனார். கெட்டிஸ்பர்க் சண்டையிலும் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். போர் முடியும் வேளையில் வாஷிங்டனில் ராணுவ மருத்துவத் தலைமையகத்தின் சிறிய நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. அப்போது அதில் இருந்தவை இரண்டாயிரத்துச் சொச்சம் தொகுதிகள். போர்க்கால மருத்துவமனைகள் மூடப்பட்டபோது மிஞ்சிய பணம், ஏறக்குறைய 80,000 டாலர், நூலகத்துக்குக் கிடைத்தது. அதிபர் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்ட் நாடக அரங்கத்தை அரசு எடுத்துக்கொண்டிருந்ததால், நூலகம் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனது. பழைய இதழ்கள் கேட்டு பில்லிங்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். 1895இல் அவர் விடைபெற்றபோது புத்தகங்கள் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன.

சேர்த்ததோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நூலகப் பட்டியல் என்றால் புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் மருத்துவருக்கு வேண்டிய பதில், ஏதோ ஓர் இதழின் நடுவில் எட்டுப் பக்கக் கட்டுரையாக ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு இதழையும் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் அதன் பொருளின்கீழ் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். அவரது பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். பகலில் அலுவலகம், இரவில் வீட்டில் இதழ்களைக் குவித்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டுரை பட்டியலில் சேர வேண்டும், எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று குறிப்பார். மறுநாள் எழுத்தர்கள் அவற்றை அட்டைகளில் படியெடுப்பார்கள். 1880இல் முதல் தொகுதி வெளிவந்தது. ‘இண்டெக்ஸ் கேட்டலாக்’ என்ற அந்தப் பட்டியலின் முதல் வரிசை, 1895க்குள் 16 தொகுதிகளாக வளர்ந்தது. அதில் அடங்கிய இதழ்க் கட்டுரைகள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல்.

அகர வரிசையில் ஆண்டுக்கொரு தொகுதி வந்தால், கடைசி எழுத்துக்குரிய நோய்க்காரர் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டுமே! அந்தக் குறையைத் தீர்க்க, புதிய கட்டுரைகளை மாதந்தோறும் பொருள்வாரியாகச் சொல்லும் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ இதழை 1879 ஜனவரியில் தொடங்கினார். தோளோடு தோள் நின்றவர் இங்கிலாந்தில் பிறந்த மருத்துவர் ராபர்ட் ஃப்ளெட்சர். சந்தாதாரர்கள் சேரவில்லை, நஷ்டம் தாங்காமல் 1899இல் நின்றுபோய், 1903இல் கார்னகி நிறுவனத்தின் உதவியால் மறுபடி எழுந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பில்லிங்ஸுக்குப் பங்கு உண்டு. குவியும் விவரங்களை எண்ண ஓர் இயந்திரம் வேண்டும் என்று ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியாளரிடம் சொன்னவர் அவர். ஹாலரித் உருவாக்கிய துளை அட்டை இயந்திரம் 1890 கணக்கெடுப்பில் ஓடியது. அவரது நிறுவனமே பிற்பாடு ஐபிஎம்மின் வேர்களில் ஒன்றானது. பில்லிங்ஸின் பட்டியல் வேலையும் காலப்போக்கில் இயந்திரத்துக்கு மாறியது. அவரது ராணுவ நூலகம் 1956இல் தேசிய மருத்துவ நூலகமாகி, பிறகு பெத்தெஸ்டா என்ற ஊருக்கு மாறியது. 1964இல் இண்டெக்ஸ் மெடிகஸைத் தொகுக்கும் வேலை ‘மெட்லார்ஸ்’ என்ற பெயரில் கணினிக்குப் போனது. ஒரு மருத்துவர் கேள்வியை எழுதி அனுப்பினால், அச்சிட்ட பட்டியல் தபாலில் வந்துசேரச் சில வாரங்களாகும். 1971இல் ‘மெட்லைன்’ வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே நேரடியாகத் தேடலாம், ஆனால் ஒரே நேரத்தில் 25 பேர் மட்டும்.

இடையில், 1960இல், ‘மெஷ்’ என்ற பொருட்சொல் பட்டியல் உருவாகியிருந்தது. ஒருவர் மாரடைப்பு என்பார், இன்னொருவர் இதயத் தசை அழிவு என்பார். யார் எப்படி எழுதினாலும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்துவிடும் ஏற்பாடு இது. பல பத்தாண்டுகள் கட்டுரைகளை மனிதர்களே படித்துத் தலைப்பிட்டார்கள். பில்லிங்ஸ் இரவில் செய்த அதே வேலை.

1996 ஜனவரியில், மெட்லைனை இணையத்தில் தேட உதவும் ‘பப்மெட்’ சோதனையாகத் தொடங்கியது. 1997 ஜூன் 26 அன்று துணை அதிபர் அல் கோர் அதை உலகுக்கே இலவசமாகத் திறந்துவைத்தார். அதுவரை தேடலுக்குக் கட்டணம் இருந்தது. அன்று முதல், இணையம் உள்ள எந்த ஊரிலிருந்தும், வாஷிங்டன் பேராசிரியர் தேடும் அதே பட்டியலை நம் அரசு மருத்துவமனைப் பயிற்சி மருத்துவரும் தேடலாம். மருத்துவ வரலாற்றில் ஒரு புதிய மருந்துக்கு நிகரான நாள் அது என்று நான் மதிக்கிறேன்.

இந்தக் கதையில் ஒரு மரணமும் உண்டு. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா குறித்த ஓர் ஆய்வுக்கு நோயற்ற தன்னார்வலர்கள் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை மூச்சில் உள்ளிழுத்தார்கள். 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் செயலிழந்து இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கலாம் என்ற எச்சரிக்கை 1950களின் கட்டுரைகளிலேயே இருந்தது. ஆய்வாளர் பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அப்போது அது 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். பழைய அச்சுத் தொகுதிகளை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சைப் பிசையும் செய்தி என்னவென்றால், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை வடிவமைத்தவரே பில்லிங்ஸ்தான்.

இப்போது பப்மெட்டில் பழைய பதிவுகளும் சேர்ந்துவிட்டன. 1940களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் போகலாம். பில்லிங்ஸின் இண்டெக்ஸ் கேட்டலாக்கும் இணையத்தில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேடும் முன் கேள்வியை நான்காகப் பிரித்துத் தாளில் எழுதுங்கள்: நோயாளி யார், என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்காக. மெஷ் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழுக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். பழைய மருந்து என்றால், பழைய பட்டியலையும் கட்டாயம் பாருங்கள்.