வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்ட்டி வைரஸ்? பழையசீவரத்தில் ஒரு பொங்கல் பஞ்சாயத்து

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், வாலாஜாபாத்துக்கு முன்னாடி, பாலாற்றங்கரையில் இருக்கிறது பழையசீவரம். பொங்கலை ஒட்டி காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு வரும் ஊர். அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி பார்த்துவிட்டு வந்து செருப்பைக்கூட கழற்றவில்லை, சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"டேய், நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, இத வந்து பாரு. நாலு நாளா கத்திக்கிட்டே இருக்கு!"

கத்தத்தான் செய்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப்பார்த்தது. 'உங்கள் பாதுகாப்பு காலாவதி ஆகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன, உடனே புதுப்பிக்கவும்' என்று இங்கிலீஷில் மிரட்டல். சித்தப்பா கையில் டெபிட் கார்டு தயாராக இருந்தது. "ரெண்டாயிரத்து சொச்சம் கேக்குது. கட்டிடட்டுமா?"

அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. நிலத்தின் பட்டா, சிட்டா ஸ்கேன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான். தங்கச்சி கல்யாண போட்டோ மொத்தமும் அதில்தான். எல்லாவற்றுக்கும் மேலே, நெசவாளர்களுக்குப் பட்டுப்புடவை டிசைன் போட்டுக் கொடுக்கும் தம்பியின் ஆறு வருஷ உழைப்பும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான். வேறு எங்கேயும் ஒரு காப்பி கிடையாது.

கத்தியது வைரஸும் இல்லை, ஆன்ட்டி வைரஸும் இல்லை. யாரோ ஏதோ ஒரு சினிமா சைட்டில் 'அனுமதி' என்ற பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அந்த சைட், குரோம் பிரவுசர் வழியாக நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருந்தது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய் அந்த சைட்டை நீக்கினேன். சத்தம் நின்றுபோனது. "அவ்ளோதானா?" என்றார் சித்தப்பா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பணம் கட்டியிருந்தால் போயிருப்பது இரண்டாயிரத்தோடு நின்றிருக்காது, கார்டு நம்பரும் சேர்ந்து போயிருக்கும். திரையில் வரும் எச்சரிக்கையில் போன் நம்பரோ பணம் கட்டும் லிங்க்கோ இருந்தால், அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆன்ட்டி வைரஸ் 'இந்த நம்பருக்கு போன் பண்ணு' என்று மிரட்டாது.

சரி, நிஜமாகவே எதைப் போடுவது?

விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு காவலாளி இருக்கிறார். பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். காசு கிடையாது, காலாவதியும் ஆகாது. பத்து வருஷத்துக்கு முன்னால் இதை யாரும் மதித்ததில்லை, நானும்தான். இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் மாதிரியான ஆய்வகங்கள் நடத்தும் சோதனைகளில் பணம் கட்டி வாங்கும் சாஃப்ட்வேர்களோடு சேர்ந்து நிற்கிறது. இந்த இரண்டு ஆய்வகங்களின் முடிவுகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதைவிட அதை நம்பலாம்.

சித்தப்பா கம்ப்யூட்டரில் டிஃபெண்டர் தூங்கிக்கொண்டிருந்தது. காரணம், மேலே இரண்டு ஆன்ட்டி வைரஸ் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்று வாங்கும்போதே கூட வந்த ட்ரையல், எப்போதோ முடிந்துவிட்டது. இன்னொன்று யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து 'கிராக்' பண்ணிப் போட்டது. பூட்டை உடைத்தவனிடமே சாவி செய்யச் சொன்ன கதை. வேறு ஆன்ட்டி வைரஸ் வந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். வந்தவை இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மோதும், கம்ப்யூட்டர் மாட்டுவண்டி வேகத்தில் நகரும். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். இரண்டையும் கழற்றி ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது.

அப்படியானால் பணம் கட்டி வாங்குவது வீணா? எல்லோருக்கும் இல்லை. குழந்தைகள் பார்க்கும் சைட்களைக் கட்டுப்படுத்த வேண்டும், வீட்டில் நாலைந்து கருவிகள் இருக்கின்றன, பிரச்னை என்றால் தமிழில் பேசிக் கேட்க ஆள் வேண்டும் என்பவர்களுக்கு அதில் அர்த்தம் உண்டு. நம்மூர் தயாரிப்புகளே இருக்கின்றன. கே7 சென்னையில் 1991-ல் தொடங்கிய நிறுவனம். குவிக் ஹீல் புனேக்காரர்களுடையது, கைலாஷ் கட்கர் என்பவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாக ஆரம்பித்தது. வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள்: முதல் வருஷ விலை அல்ல, இரண்டாம் வருஷ விலை. பல வெளிநாட்டு சாஃப்ட்வேர்கள் முதல் வருஷம் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் முழு விலையைக் கார்டிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆட்டோ ரினியூவலை வாங்கிய அன்றே ஆஃப் செய்துவிடுங்கள்.

இலவசம் என்றாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவாஸ்ட் கோடிக்கணக்கான பேர் பயன்படுத்திய இலவச ஆன்ட்டி வைரஸ். அதைப் போட்டவர்கள் எந்தெந்த சைட்டுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அதே 2024-ல் ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி விற்பனைக்கு அமெரிக்கா தடை போட்டது. கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் அதிகாரம் ஆன்ட்டி வைரஸுக்கு உண்டு. எனவே யாரை உள்ளே விடுகிறோம் என்பது முக்கியம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல ஆன்ட்டி வைரஸ் போட்டுவிட்டு அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்கள்தான் கிராமங்களில் அதிகம். காரணம் சோம்பேறித்தனம் இல்லை, மொபைல் டேட்டா. ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டும் வீட்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தாலே அன்றைய டேட்டா காலி. ஆனால் 2017 மே 12 அன்று உலகத்தையே கலக்கிய வான்னாக்ரை என்ன செய்தது தெரியுமா? ஃபைல்களைப் பூட்டி, திறக்க பிட்காயினில் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் கழித்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். திருப்பதி தேவஸ்தான கம்ப்யூட்டர்கள்கூட தப்பவில்லை. தினசரி டேட்டா தீரப்போகும் ராத்திரி நேரத்தில், மிச்சமிருப்பதை அப்டேட்டுக்குக் கொடுங்கள். டிஃபெண்டருக்கான வைரஸ் விவரப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து வேறு இடத்தில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவந்தும் போடலாம்.

பென் டிரைவ் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் வைரஸ் இன்டர்நெட் வழியாக வருவதைவிட ஜெராக்ஸ் கடை வழியாக வருவது அதிகம். பிரின்ட் எடுக்கப் போன பென் டிரைவ் வீடு திரும்பும்போது எல்லா ஃபோல்டரும் 'ஷார்ட்கட்' ஆகியிருக்கும். ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். பதறி ஃபார்மட் செய்யாதீர்கள். செருகியதும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். இது மாதிரி தொற்றுகளை நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் 2017 முதல் கிடைக்கின்றன.

சித்தப்பாவிடம் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அதைப் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் ஒரு நல்ல வழி. தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-ல் வைரஸ் புகுந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். இணையத்தோடு இணைந்திருந்த நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டரோடு அது நின்றது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தனி நெட்வொர்க் என்பதால் அங்கே எட்டவில்லை என்று அணுமின் கழகம் சொன்னது. வீட்டிலும் அதே கணக்குதான். பிள்ளைகள் கேம் விளையாடும் கணக்கும், பேங்க் பார்க்கும் கணக்கும் விண்டோஸில் தனித்தனி யூசராக இருக்கட்டும். பிள்ளைகளுடையதை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்கினால், உங்கள் பாஸ்வேர்ட் இல்லாமல் பெரும்பாலான சாஃப்ட்வேரை ஏற்ற முடியாது.

தம்பியின் டிசைன் ஃபோல்டருக்கு டிஃபெண்டரிலேயே ஒரு கூடுதல் பூட்டு இருக்கிறது. 'ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்ற பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. நாமாக ஆன் செய்தால்தான் வேலை செய்யும். தெரியாத புரோகிராம் எதுவும் அந்த ஃபோல்டரில் கை வைக்க முடியாது. ஆன் செய்ததும் தம்பியின் டிசைன் சாஃப்ட்வேரையே சேவ் பண்ண விடாமல் தடுத்துவிட்டது. அவன் முறைத்த முறை இருக்கிறதே! அனுமதிப் பட்டியலில் அதைச் சேர்த்ததும் சரியானது.

ஓடிபி-யை நீங்களே வாய்விட்டுச் சொன்னால் எந்த ஆன்ட்டி வைரஸும் தடுக்காது. பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கை மாறுவதற்குள் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கட்டாமல் தப்பித்த அந்த ரெண்டாயிரத்தோடு கொஞ்சம் சேர்த்து, மறுநாள் காஞ்சிபுரத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். டிசைன்கள், பட்டா, கல்யாண போட்டோ எல்லாம் ஏறி முடிய மத்தியானம் ஆனது. முடிந்ததும் கழற்றச் சொன்னேன், செருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். சித்தப்பா அதை ஒரு மஞ்சள் பையில் சுற்றி, நிலப் பத்திரம் இருக்கும் பீரோவுக்குள் வைத்தார்.