பாரா வஃபாத்தும் மீலாதும்: சித்தூர் – திருப்பதிப் பகுதியில் நபி பிறந்தநாள் பற்றிய கருத்து வேறுபாடு

முன்னுரை

இசுலாமிய ஆண்டின் மூன்றாம் மாதமாகிய ரபீஉல் அவ்வல், முகமது நபியின் பிறப்போடும் மறைவோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அம்மாதத்தின் பன்னிரண்டாம் நாளை விழாவாகக் கொண்டாடலாமா என்னும் வினா முசுலிம்களிடையே பல நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இவ்விவாதத்தைக் கொண்டாடுவோர், மறுப்போர் என்னும் இரு அணிகளின் மோதலாகக் காண்பதே பொதுவழக்கு. ஆயின் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து வழங்கும் சித்தூர் – திருப்பதிப் பகுதியை நோக்கும்போது, வாதம் எம்மொழியின் வழியாக வந்தது என்பதற்கேற்ப வாதத்தின் பொருளே மாறியிருத்தலை அறியமுடிகிறது. உருதுவழி வந்த வாதம் செயலைப் பற்றியது. தமிழ்வழி வந்த வாதம் பனுவலைப் பற்றியது. இவ்வேறுபாட்டை வரலாற்று நோக்கில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் மக்களும்

சித்தூர்ப் பகுதி ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1740ஆம் ஆண்டு தாமல்செருவுக் கணவாயில் மராத்தியருடன் நிகழ்ந்த போரில் நவாபு தோஸ்த் அலி கான் உயிர்நீத்தார். 1782 டிசம்பரில் ஐதர் அலி இறந்ததும் சித்தூரை அடுத்த பாளையத்தில்தான். 1801இல் கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தபின் சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1911இல் தனிச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. மொழிவழி மாநிலப் பிரிவினையை ஒட்டி எழுந்த எல்லைச் சிக்கல் தீர்க்கப்பட்டு, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நிலைபெற்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி தனி மாவட்டமாக விளங்குகிறது.

ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் சமயக் கல்வியின் எல்லை மாறவில்லை. இப்பகுதிக்கு மிக அண்மையில் உள்ள பெரிய சமயக் கல்வி மையம் வேலூரே. காட்பாடி – பாகாலா இருப்புப்பாதை வேலூரைச் சித்தூரோடும் திருப்பதியோடும் இணைத்தது. வேலூரில் சூஃபி மரபைச் சார்ந்த லத்தீஃபிய்யாவும், ஷா அப்துல் வஹ்ஹாப் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் உள்ளன. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் தொடங்கப்பட்டது. தர்கா மரபைப் போற்றுவது, ஹனஃபிச் சட்டப்பள்ளியின் நெறியில் நிற்பது, நேரடியாகக் குர்ஆனையும் ஹதீஸையும் முன்னிறுத்துவது என்னும் மூவகைப் போக்குகளும் ஒருநாள் பயண எல்லைக்குள் அமைந்திருந்தன. நபி பிறந்தநாள் பற்றிய வேறுபட்ட கருத்துகள் இப்பகுதியில் அருகருகே நிலவுவதற்கு இவ்வமைப்பு ஒரு காரணமாகும்.

இங்குள்ள முசுலிம்களுள் பெரும்பாலோர் இல்லத்தில் தக்கினி உருதுவைப் பேசுவோர். நகரி, குப்பம், சத்தியவேடு முதலிய எல்லைப் பகுதிகளில் தமிழும் வழங்குகிறது. ஆகவே வடநாட்டு உருது நூல்களும் தமிழ்நாட்டு வெளியீடுகளும் ஒருங்கே எட்டக்கூடிய களமாக இது உள்ளது.

பாரா வஃபாத் என்னும் பழம்பெயர்

தக்காணத்தில் இந்நாளுக்கு வழங்கிய பழம்பெயர் ‘பாரா வஃபாத்’ என்பதாகும். ‘பாரா’ பன்னிரண்டையும் ‘வஃபாத்’ மறைவையும் குறிக்கும். ஆந்திரத்து ஏலூரைச் சேர்ந்த ஜாஃபர் ஷரீப் எழுதி, சென்னை மாகாண மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1832இல் இலண்டனில் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ என்னும் நூல் தென்னிந்திய முசுலிம்களின் வழக்கங்களைத் தொகுத்துரைக்கிறது. அந்நூலில் இந்நாள் நபியின் மறைவு நாளாகவே முதன்மையாகக் கூறப்படுகிறது. உணவு சமைத்து ஃபாத்திஹா ஓதுதலும் சந்தனம் எடுத்தலும் அந்நாளுக்குரிய வழக்கங்களாகக் காணப்படுகின்றன.

‘பாரா வஃபாத்’ என்ற பெயர் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டு ‘மீலாதுன் நபி’, ‘ஈதே மீலாது’ என்னும் பெயர்கள் முன்னிற்பது நோக்கத்தக்கது. நினைவுநாள் பெருநாளாக மாறியதை இப்பெயர் மாற்றம் காட்டுகிறது. மறைந்த நாளாகவும் கருதப்படும் நாளில் மகிழ்ச்சி கொண்டாடலாமா என்று மறுப்போர் வினவுவர். மறைவுக்குத் துக்கம் காக்கும் காலம் வரையறுக்கப்பட்டது. அருட்கொடைக்கு நன்றி பாராட்டுதற்கு வரையறை இல்லை என்று கொண்டாடுவோர் விடை கூறுவர். இரண்டு பெயர்களுக்குள்ளும் இவ்வாதம் அடங்கியிருக்கிறது.

கதைகளின் நம்பகத்தன்மை பற்றிய கவலையும் இப்பகுதிக்குப் புதிதன்று. வேலூரில் பிறந்து 1806இல் மறைந்த முகமது பாகர் ஆகா, நபியின் வரலாற்றை எட்டுப் பகுதிகளாகத் தக்கினியில் பாடி ‘ஹஷ்த் பிஹிஷ்த்’ எனப் பெயரிட்டார். அரபும் பாரசீகமும் அறியாத எளிய மக்களுக்கும் பெண்களுக்கும் பயன்படவேண்டும் என்பது அவர் கருத்து. தமக்கு முன் தக்கினியில் வழங்கிய நூல்களில் ஆதாரமற்ற செய்திகள் மலிந்திருந்ததை அவர் குறைகூறினார். நபியின் பிறப்பைப் பாடுவதை அவர் விலக்கவில்லை; பாடப்படுவது மெய்யானதாக இருக்கவேண்டும் என்றே வற்புறுத்தினார். பின்னாளில் எதிர்நிலையில் நின்ற இரு சாராரும் தத்தமக்குரியதாகக் கொள்ளத்தக்க நிலைப்பாடு இது.

வாதத்தின் தொடக்கம்

நபியின் காலத்திலும் தோழர்களின் காலத்திலும் பிறந்தநாள் விழா இருந்ததில்லை என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. எகிப்தின் ஃபாத்திமிய அரசவையில் அரசு விழாவாக இது நடைபெற்றது. பின்னர் ஈராக்கின் இர்பில் நகரை ஆண்டு 1233இல் மறைந்த முழஃப்பருத்தீன் கோக்புரி இவ்விழாவைப் பெரும் பொருட்செலவில் நடத்தினார். 1207 அளவில் அந்நகருக்கு வந்த அறிஞர் இப்னு திஹ்யா அவருக்காக மவ்லிது நூல் ஒன்றை இயற்றினார்.

பதினான்காம் நூற்றாண்டில் மாலிக்கிச் சட்டப்பள்ளி அறிஞர் ஃபாகிஹானீ இவ்விழாவுக்கு ஆதாரமில்லை என மறுத்து எழுதினார். இப்னு தைமிய்யா இதனை நூதனச் செயல் என்றார். ஆயினும் நபியின் மீதுள்ள அன்பால் செய்வோர் அவ்வன்புக்காக நற்கூலி பெறக்கூடும் என்றும் குறித்தார். 1505இல் மறைந்த சுயூத்தீ, விழா நல்ல நூதனம் என நிறுவத் தனிநூல் யாத்தார். அந்நூலில் அவர் ஃபாகிஹானீயின் மறுப்பை எடுத்தெழுதி, அதன்பின் விடை கூறியிருப்பது சிறப்பாகும். எதிர்வாதத்தை மறைக்காமல் எடுத்துரைத்து விடைகூறும் இம்முறை, பிற்கால வாதங்களை மதிப்பிட ஓர் அளவுகோலாக அமைகிறது.

இரு சாராரும் ஒரே சான்றைக் கையாள்வதும் உண்டு. திங்கட்கிழமை நோன்பைப் பற்றி வினவியபோது, அது தாம் பிறந்த நாள் என நபி விடையளித்ததாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பு கூறுகிறது. பிறந்த நாளைச் சிறப்பித்தற்கு இது சான்று என்பர் ஒரு சாரார். சிறப்பித்த முறை வாரந்தோறும் நோற்ற நோன்பேயன்றி ஆண்டுவிழா அன்று என்பர் மறுசாரார். பிறந்த தேதியிலும் ஒருமைப்பாடில்லை. பன்னிரண்டு என்பது இப்னு இஸ்ஹாக்கின் கூற்று. இரண்டு, எட்டு, ஒன்பது, பத்து என்னும் கருத்துகளும் உள்ளன.

உருதுவழி வந்த வாதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடஇந்தியாவில் தேவ்பந்து, பரேலி என்னும் இரு சிந்தனைப் போக்குகள் உருப்பெற்றன. மீலாது அவையில் நபியின் பிறப்புச் செய்தி வரும்போது அனைவரும் எழுந்து நிற்கும் ‘கியாம்’, நாளை வரையறுத்தல், நபி அவ்வவைக்கு எழுந்தருள்வதாகக் கருதுதல் ஆகியவையே வாதப் பொருள்களாயின. தேவ்பந்துச் சார்பினரான கலீல் அகமது சகாரன்பூரி, நபியின் பிறப்பை நினைவுகூர்தலைத் தாங்கள் மறுக்கவில்லை என்றும், அதனோடு சேர்ந்த தவறான செயல்களையே மறுப்பதாகவும் 1907 அளவில் எழுதிய அரபு நூலில் விளக்கினார். பரேலியைச் சேர்ந்த அகமது ரஸா கான் (1856–1921) கியாமை நபிக்குச் செய்யும் மரியாதையாகக் கொண்டு ஆதரித்து எழுதினார்.

இவ்வாதத்தில் குறிப்பிடத்தக்கவர் மக்காவில் வாழ்ந்து 1899இல் மறைந்த ஹாஜி இம்தாதுல்லா ஆவார். கலீல் அகமதுவுக்கும் அவர்தம் ஆசிரியர் ரஷீத் அகமது கங்கோகிக்கும் ஆன்மிக ஆசான் இவரே. மாணாக்கர் மறுத்த மீலாது அவையில் ஆசான் பங்கேற்றார்; எழுந்து நிற்பதில் மனநிறைவும் கொண்டார். ஏழு சிக்கல்கள் குறித்து அவர் வெளியிட்ட சிறுநூலில் முதலாவது மீலாது பற்றியதாகும். செய்வோர் செய்யாதாரைப் பழிக்கலாகாது. செய்யாதார் செய்வோரை வழிகேடர் எனலாகாது என்பது அந்நூலின் சாரம். மாணாக்கர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆசானைத் துறக்கவும் இல்லை.

இவ்விரு போக்குகளின் உருது நூல்கள் தக்கினி பேசும் சித்தூர், திருப்பதி, மதனப்பள்ளி வட்டாரங்களை மொழிபெயர்ப்பின்றியே அடையக்கூடியனவாக இருந்தன. அக்பர் வாரிஸியின் ‘மீலாதே அக்பர்’ போன்ற எளிய உருது நூல்கள் அவைகளில் ஓதப்பட்டன. கேட்போருக்குப் பொருள் விளங்கியமையால், நூலைக் காட்டிலும் அவையில் நிகழும் செயலே சிக்கலாயிற்று எனலாம்.

தமிழ்வழி வந்த வாதம்

தமிழ் முசுலிம்களிடையே நிலை வேறு. ரபீஉல் அவ்வலின் முதல் பன்னிரண்டு நாள்களில் பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் அரபு மொழியிலான ‘சுப்ஹான மவ்லிது’ ஓதப்படுவது நெடுங்கால வழக்கு. அதனை இயற்றியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா அப்பா எனக் கொள்வாரும், வேறு அறிஞரைச் சுட்டுவாரும் உளர். ஓதுவோரிலும் கேட்போரிலும் பலருக்கு அதன் பொருள் தெரியாது; ஓதுதலே நற்பேறாகக் கருதப்பட்டது.

1980களிலிருந்து தமிழ்நாட்டில் வளர்ந்த தவ்ஹீத் இயக்கம் இந்நிலையை மாற்றியது. 2004இல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் தோன்றியபின் இப்பரப்புரை மேலும் வலுப்பெற்றது. மவ்லிது வரிகளைத் தமிழில் பெயர்த்து, அவை இறைவனிடம் மட்டுமே கேட்கவேண்டியதை நபியிடம் கேட்பதாகக் காட்டி மறுத்ததே இவ்வியக்கத்தின் முதன்மையான முறை. இதழ்களும் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் இவ்வாதத்தைத் தமிழறிந்தார் அனைவரிடமும் சேர்த்தன. பாவமன்னிப்பு வேண்டி நபியை விளிக்கும் அடிகள் பரிந்துரை வேண்டும் கவிமரபே என ஆதரவாளர் விளக்கினர். மொழிபெயர்ப்பு இவ்வாறு சமயச் சிக்கலின் மையமாயிற்று.

இவ்விடத்தில் தமிழிலக்கிய மாணாக்கர் கருதவேண்டிய வினா ஒன்று எழுகிறது. கவிதையின் விளியையும் உயர்வுநவிற்சியையும் நம்பிக்கைக் கூற்றாகவே கொள்ளுதல் தகுமா என்பதே அது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டத்தில் நபியின் பிறப்பைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடுகிறது. செய்யிது அனபிய்யாப் புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் நபியைக் குழந்தையாகக் கண்டு பாடுகிறது. சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் கொள்ளும் முறையை இவற்றிற்கும் விரித்தால் இசுலாமியத் தமிழிலக்கியத்தின் பெரும்பகுதி ஐயத்துக்கு உள்ளாகும். மறுபுறம், வழிபாட்டில் ஓதப்படும் பனுவலை அவைக்களத்தில் படிக்கப்படும் காப்பியத்தோடு ஒப்பிடலாகாது என்னும் மறுப்பாளர் கருத்தும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பொருளறியாது ஓதியோரைப் பொருள் நோக்கச் செய்தமை அவர்தம் முயற்சியின் பயன் எனலாம்.

மேடையும் ஊர்வலமும்

இருபதாம் நூற்றாண்டில் மீலாது விழா பொதுக்கூட்ட வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் பெரியார், அண்ணா முதலியோர் மீலாது மேடைகளில் நபியின் சமத்துவக் கருத்துகளைப் பேசினர். 1990இல் வி. பி. சிங் அரசு இந்நாளை நாடு தழுவிய விடுமுறை நாளாக அறிவித்தது. ராயலசீமை நகரங்களில் பச்சைக் கொடிகளுடன் ஊர்வலம் செல்லும் வழக்கமும் காணப்படுகிறது. பிற சமயத்தார் நடுவே சிறுபான்மையினர் தம் இருப்பை உணர்த்தும் வாய்ப்பாக இவை அமைகின்றன. எனவே மவ்லிது ஓதுவதை ஏற்காதவர் சிலர் சொற்பொழிவுக் கூட்டத்தை ஏற்பதும், அதனை ஏற்பவர் ஊர்வலத்தையும் ஆரவாரத்தையும் ஏற்காமையும் உண்டு. ஓதுதல், பேசுதல், ஊர்வலம் செல்லுதல் என்னும் மூன்றையும் ஒரே ‘கொண்டாட்டம்’ என்னும் சொல்லால் குறித்தல் இவ்வேறுபாடுகளை மறைத்துவிடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நபி பிறந்தநாள் பற்றிய கருத்து வேறுபாடு அண்மைக் காலத்து இயக்கங்களால் தோன்றியதன்று. அவ்விழாவைப் போலவே பழமையுடையது. சித்தூர் – திருப்பதிப் பகுதியில் அது உருதுவழிச் செயல் பற்றிய வாதமாகவும், தமிழ்வழிப் பனுவல் பற்றிய வாதமாகவும் இருவேறு வடிவங்களில் வந்துசேர்ந்தது. ஒரு மொழியின் வாதத்துக்கு மறுமொழியின் விடை பொருந்துவதில்லை. எழுந்து நிற்றல் தகுமா என்னும் வினாவுக்குக் கவிமரபு விடையாகாது. அடியின் பொருள் யாது என்னும் வினாவுக்கு மரியாதை விடையாகாது.

மறுப்போர் நபியிடம் அன்பில்லாதவர் என்பதும், கொண்டாடுவோர் இறையொருமையைக் கைவிட்டவர் என்பதும் வரலாற்றுச் சான்றுகளுக்குப் பொருந்தாத கூற்றுகளாகும். பாகர் ஆகா பாடலைப் போற்றியே பொய்ச்செய்தியை விலக்கினார். சுயூத்தீ எதிரியின் வாதத்தை எடுத்தெழுதி விடை கூறினார். இம்தாதுல்லா தம்மை மறுத்த மாணாக்கரைத் தம்மவராகவே கொண்டார். ஒரே மஹல்லாவில் ஓதுவோரும் ஓதாதாரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்து நின்று தொழவேண்டிய சூழலில், இம்முன்னோர் வாதிட்ட முறையே இன்று பெரிதும் நினைக்கத்தக்கதாகும்.