பெக்யூலேஷனும் சிறுவாடும்

போன மாதம் ஆடிட் கடிதம் ஒன்றில் 'பெக்யூலேஷன்' என்று ஒரு வார்த்தை. இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன், கேள்விப்பட்டதில்லை. 'ஸ்பெக்யூலேஷன்' என்பதில் எஸ் விட்டுப்போச்சு என்று நினைத்தேன். அகராதியைப் பார்த்தால், ஒப்படைத்த பணத்தைக் கையாடுவதாம்!

வேர் லத்தீன். 'பெகு' என்றால் ஆடுமாடு. பணத்துக்கு 'பெகூனியா' என்ற பெயரும் அதிலிருந்துதான். நமக்கு இதில் ஆச்சரியமில்லை. தமிழிலும் மாடு என்றால் செல்வம். வள்ளுவரே அப்படி எழுதியிருக்கிறார்.

அதே வேரில் 'பெகூலியம்' என்று இன்னொரு சொல். பழைய ரோமில் அப்பா உயிரோடு இருக்கும்வரை, மகனுக்கு நாற்பது வயதானாலும் சொந்தச் சொத்து கிடையாது. அடிமைக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் புழங்குவதற்குக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அதுதான் பெகூலியம். சட்டப்படி எஜமானருடையது, நடைமுறையில் அவனுடையது. அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் விடுதலையையே விலைக்கு வாங்கிய அடிமைகள் உண்டு. அகஸ்டஸ் காலத்தில்தான் பட்டாளத்தில் சம்பாதித்தது மகனுக்கே சொந்தம் என்று வந்தது.

'தனக்கென வைத்துக்கொள்வது' என்ற இந்தப் பொருள்தான் திரிந்து கையாடல் ஆனது. 'பெக்யூலியர்' என்கிறோமே, அதுவும் இதன் பங்காளிதான். தனக்கே உரியது என்பது போகப்போக விசித்திரம் ஆகிவிட்டது.

படித்தபோது நாக்பூரில் 2016 நவம்பர் ஞாபகம் வந்தது. 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வாரம் நம்மூர் அம்மா ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு. "சிறுவாட்டுக் காசு தம்பி, அவருக்குத் தெரிய வேண்டாம்." அப்போது ஒருவருக்கு 4,000 ரூபாய்தான் மாற்றித் தரலாம். மீதியைக் கணக்கில்தான் போட வேண்டும். அவருக்கு இருந்ததோ கணவரோடு சேர்ந்த கணக்கு. போட்டேன்.

மறுநாள் பாஸ்புக்கோடு கணவர் வந்தார். "என் காசையே திருடி வச்சிருக்கா பாருங்க சார்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இன்றைக்கென்றால் சொல்லியிருப்பேன்: சார், அது பெக்யூலேஷன் இல்லை, பெகூலியம். காய்கறியிலும் பால் கணக்கிலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தது.

சரி, உங்கள் வீட்டில் அம்மாவுக்கு, மனைவிக்கு அவர்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கிறதா?