மாநகர் மன்றம் வேலை செய்யும் முறை



தோட்டத்து லயத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கிராணியிடம் சொல்கிறோம். கிராணி நிர்வாகியிடம் சொல்கிறார். நிர்வாகி மனம் வைத்தால் மறுநாளே ஆள் வரும். மனம் வைக்காவிட்டால் மாதம் இரண்டானாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தோட்ட வாழ்க்கையில் நமக்குத் தெரிந்த ஆட்சிமுறை இது. ஒருவர் சொல்லுக்கு எல்லாரும் காத்திருக்கும் முறை.

பட்டணத்தில் இப்படி இல்லை. அங்கே தெருவிளக்கு எரியாததற்கும், கால்வாய் அடைத்துக்கொண்டதற்கும், கடைக்கு லைசென்ஸ் கிடைக்காததற்கும் பதில் சொல்லத் தனியாக ஒரு துரை கிடையாது. அங்கே ஒரு மன்றம் இருக்கிறது. அந்த மன்றம் கூடிப் பேசுகிறது, குழுக்களாகப் பிரிகிறது, தீர்மானம் போடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு, நம்மில் பல குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறிவிட்டன. அங்கே போனவர்கள் பலர் இன்னமும் கிராணியைத் தேடுவது போலவே ஓர் ஆளைத் தேடி அலைகிறார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததால் நியாயமான கோரிக்கைகள்கூட வீணாகிப்போகின்றன. ஆகவே, ஒரு மாநகர் மன்றம் தன் வேலையை எப்படிப் பங்கிட்டுச் செய்கிறது என்பதை, நம் நாட்டின் மூத்த மன்றமாகிய பினாங்கு ஜார்ஜ்டவுன் மன்றத்தின் வரலாற்றைக் கொண்டு இன்று பார்ப்போம்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். காடு வெட்டி எழுந்த அந்தத் துறைமுகப் பட்டணத்தில் சாலையும் கால்வாயும் தேவைப்பட்டன. அவற்றுக்குப் பணம் வேண்டும்; பணத்துக்கு வீட்டுவரி வேண்டும்; வரியை மதிப்பிட ஆட்கள் வேண்டும். இப்படித்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரி மதிப்பிடும் குழு ஒன்று அங்கே ஏற்பட்டது. ஊராட்சி என்பதே வரியில் பிறந்த பிள்ளை எனலாம். பிறகு 1857இல் நகராண்மை ஆணையர்களைக் கொண்ட முறையான நகராட்சி அமைந்தது. அந்நாளில் ஆணையர்களில் சிலரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் 1913இல் அந்த உரிமை எடுக்கப்பட்டு, நியமனம் செய்யப்பட்டவர்களே மன்றத்தில் அமர்ந்தனர்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மக்கள் மறுபடியும் வாக்களித்தார்கள். மன்றத்தின் 15 இடங்களில் 9 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. மலாயாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இது நடந்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். நாட்டை ஆளக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடமாக நகர மன்றம் விளங்கிற்று.

1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகராயிற்று. மலாயாக் கூட்டரசில் அதுவே முதல் மாநகர். நாடு சுதந்திரம் பெறுவதற்கு எட்டு மாதங்கள் முன்பு நடந்தது இது. அதன் முதல் மேயராகத் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன் பொறுப்பேற்றார். நம் இந்தியச் சமூகத்தில் பிறந்த ஒருவர் நாட்டின் முதல் மேயராக அமர்ந்தார் என்பது நமக்குப் பெருமை. பினாங்கில் அவர் பெயரால் ஒரு சாலை இன்றும் இருக்கிறது.

அன்றைய மாநகர் மன்றத்தின் கையில் இருந்த வேலைகளைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். குப்பை அள்ளுவதும் சந்தை நடத்துவதும் மட்டும் அல்ல. மின்சாரம், குடிதண்ணீர், பஸ் போக்குவரத்து ஆகியவையும் மன்றத்தின் பொறுப்பிலேயே இருந்தன. 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு, மாநகர் மன்றம் கட்டிய அணைக்கட்டு. இத்தனை வேலையையும் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எப்படிச் செய்ய முடியும்? இங்கேதான் குழுமுறை வருகிறது.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் எல்லாரும் கூடித் திருவிழா நடத்துவது என்று முடிவு செய்கிறோம். அதே கூட்டத்தில் பந்தலுக்கு எத்தனை மூங்கில், அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்று பேசத் தொடங்கினால் விடியும்வரை பேச்சு முடியாது. ஆகவே பந்தலுக்கு நாலு பேர், சமையலுக்கு ஐந்து பேர், காணிக்கைக் கணக்குக்கு மூன்று பேர் என்று பிரித்துவிடுகிறோம். அவர்கள் தனித்தனியே கூடி விவரம் தயார் செய்து கொண்டு வருகிறார்கள். செலவு சரிதானா என்று பொதுக்கூட்டம் கேட்டு ஒப்புக்கொள்கிறது. மாநகர் மன்றத்தின் குழுமுறையும் இதே முறைதான்.

ஆங்கில நாட்டு நகராட்சிகளிலிருந்து மலாயாவுக்கு வந்த இம்முறையில், முழுமன்றம் பொதுவாக மாதம் ஒருமுறை கூடும். நிதி, சுகாதாரம், பொதுப்பணி, லைசென்ஸ் போன்ற துறைகளுக்கு நிலைக்குழுக்கள் இருக்கும். ஒவ்வொரு மன்ற உறுப்பினரும் ஒன்றோ பலவோ குழுக்களில் இருப்பார். மாதக் கூட்டத்துக்கு முன்னால் இந்தக் குழுக்களெல்லாம் தங்கள் வேலையை முடித்தாக வேண்டும் அல்லவா? ஆகவே முதல் வாரம் ஒரு குழு, அடுத்த வாரம் மற்றொரு குழு என்று நாள் குறித்துக்கொள்வார்கள். மாதக் கூட்டம் ஒன்றே வெளியே தெரிந்தாலும், வாரந்தோறும் ஏதாவது ஓர் அறையில் ஒரு குழு கூடிக்கொண்டுதான் இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு தெருவில் கால்வாய் உடைந்து வீடுகளுக்குள் நீர் புகுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர்கள் கையெழுத்திட்டு மனு எழுதுகிறார்கள். மனு மன்றச் செயலாளரின் அலுவலகத்துக்குப் போகிறது. செயலாளர் அதைப் பொறியியல் பகுதிக்கு அனுப்புகிறார். பொறியாளர் இடத்தைப் பார்த்து, இவ்வளவு நீளம் புதுக்கால்வாய் வேண்டும், இவ்வளவு செலவாகும் என்று அறிக்கை எழுதுகிறார். அந்த அறிக்கை பொதுப்பணிக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறுகிறது. குழு கூடும் நாளில் உறுப்பினர்கள் பொறியாளரைக் கேள்வி கேட்கிறார்கள். இந்தத் தெருவுக்கு முன்னுரிமை தருவதா, பக்கத்துத் தெருவுக்குத் தருவதா என்று வாதாடுகிறார்கள். முடிவில் குழு பரிந்துரை செய்கிறது. பணம் சம்பந்தப்பட்டதால் நிதிக் குழு அதைப் பார்க்கிறது. பிறகு குழுவின் கூட்டக் குறிப்பு முழுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. மன்றம் ஒப்புக்கொண்டால்தான் அது தீர்மானம். அதன் பிறகே குத்தகைக்காரருக்கு வேலை போகும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மன்றத்தின் பெரிய மண்டபத்தில் மேயர் நடுநாயகமாக வீற்றிருக்க நடக்கும் கூட்டத்தில், பெரும்பாலான விஷயங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உண்மையான வாதம் குழு அறையில் நடந்து முடிந்திருக்கும். முழுக்கூட்டம் கூடும் அன்று காலையில் மனுவோடு ஓடுகிறவர், கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது மொய் எழுத வந்தவரைப் போலத்தான். குழு கூடும் முன்பே நம் குறை அந்த நிகழ்ச்சி நிரலில் ஏறியிருக்க வேண்டும்.

குழுமுறையால் நன்மைகள் பல. ஓர் உறுப்பினர் ஒரு துறையை ஆழமாகக் கற்றுக்கொள்கிறார். அதிகாரி எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கும் திறன் அவருக்கு வருகிறது. கட்சி வேறானாலும், ஒரே மேசையில் அமர்ந்து கால்வாயைப் பற்றிப் பேசும்போது சண்டை குறைகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது என்ற கோரம் விதியும், பேசியதைக் குறிப்பேட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தும் வழக்கமும், ஒருவர் தன் இஷ்டத்துக்கு நடப்பதைத் தடுக்கின்றன.

குறைகளும் உண்டு. ஒரு மனு மூன்று அறைகளைக் கடப்பதற்குள் மழைக்காலம் போய்விடும். குழு அறையின் கதவு பொதுவாக மூடியிருப்பதால், உள்ளே யார் யாருக்காகப் பேசினார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. இந்தக் குறைக்கு மருந்தாக இருந்தது தேர்தல்தான். கதவுக்குள்ளே என்ன நடந்தாலும், சில ஆண்டுகளில் அந்த உறுப்பினர் நம் வாசலுக்கு வந்து வாக்குக் கேட்டே ஆக வேண்டும்.

அந்த மருந்து நீண்ட காலம் கிடைக்கவில்லை. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த 1965ஆம் ஆண்டில், அவசரகால விதியின் கீழ் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசே எடுத்துக்கொண்டது. உள்ளூராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அரச விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவரும் நம்மவரே. அந்தக் குழு 1968இல் தன் அறிக்கையை முடித்துத் தந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலையாக்கியது. முதல் மேயரும் நம்மவர், மக்கள் வாக்குக்காக அறிக்கை எழுதியவரும் நம்மவர். இருந்தும் அந்த வாக்குரிமை திரும்பி வரவில்லை. பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பினாங்குத் தீவு 2015இல் மீண்டும் மாநகர் தகுதி பெற்றது. ஆனால் மேயரும் உறுப்பினர்களும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்களே.

தோட்ட மக்களாகிய நமக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவசரகாலத்தில் புதுக்கிராமங்கள் அமைக்கப்பட்டபோது, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றில் பலவற்றுக்கு உள்ளூர் மன்றங்கள் கிடைத்தன. அங்கிருந்த மக்கள் கூட்டம் நடத்தவும், வரி போடவும், கணக்குப் பார்க்கவும் பழகினார்கள். தோட்ட லயங்களோ தனியார் நிலத்தில் இருந்ததால் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நின்றன. வீடும் தண்ணீரும் எப்படி இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்துக்குக் கட்டளையிட்டது. ஆனால் அதைப் பற்றிக் கூடிப் பேசி முடிவெடுக்கும் மன்றம் நம் கையில் இருந்ததில்லை. நம் பாட்டனார் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று பெயர் சொல்லக் கேட்டுப் பழகினார். மேசையில் அமர்ந்து தீர்மானம் முன்மொழிந்து பழக வாய்ப்பில்லை. பட்டணத்துக்கு வந்தபின் நாம் தயங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இன்றும் மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி பொருந்தாது. குழுவே விரும்பினால்தான் கதவைத் திறக்கலாம். ஒரு மன்றத்தில் மேயரோ தலைவரோ நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். நம் பகுதியைக் கவனிக்கும் உறுப்பினர் யார், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், அந்தக் குழு எப்போது கூடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், பாதி வழி நடந்துவிட்டோம் என்று அர்த்தம். மனுவை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுப்போம். ஒரு பிரதியை நம்மிடம் வைத்துக்கொள்வோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்போம். நாலெழுத்துப் படித்த நம் பிள்ளைகளை ஒருமுறை முழுக்கூட்டத்துக்கு அழைத்துப்போய், பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பார்க்கச் செய்வோம்.

ஜார்ஜ்டவுன் கடற்கரைத் திடலின் அருகே, 1903இல் கட்டப்பட்ட மாநகர் மண்டபம் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பினாங்குக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை நாம் அங்கே போகும்போது, அந்தச் சுவருக்குள் ஒரு தெருவின் கால்வாய்க்காக வாதாடியவர்களையும், அவர்களை அனுப்பிவைத்த வாக்குச்சீட்டையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுவோம். கிராணியின் வாசலில் காத்திருந்த காலம் போகட்டும்; மன்றத்தின் கதவு எது என்று தெரிந்த தலைமுறை வளரட்டும்.