பின்னல் தொப்பிக்கு வாங்கிய வேதாகமம்

மூதூரிலே ஒரு கல் நாட்டப்பட்டிருக்கிறது. போரில் வீழ்ந்த வீரனுக்கு எடுத்த நடுகல் அன்று. ஒரு புளியமரத்தை அடையாளங் காட்டுவதற்காக 1893ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் காலத்தில் நாட்டிய கல். அந்த மரத்தடியிலேதான் 1660ஆம் ஆண்டு ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ், கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். அவருடைய மகன் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். பின்னாளில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றவர் இந்த மகனே. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

இலங்கை வரலாறு படித்தோர் எல்லாரும் நொக்ஸின் நூலை ஒரு சான்றாதாரமாகவே அறிவர். நெல் விளைவித்த முறை, வரி வாங்கிய முறை, இரண்டாம் இராசசிங்கனின் குணம், கண்டிச் சீமையின் சாதி வழக்கு முதலியவற்றுக்கெல்லாம் மேற்கோள் காட்டுவர். அந்த நூலுக்குள் வேறொரு கதையும் இருக்கிறது. நம்பிக்கை இழந்து, சாவை வேண்டி நின்ற ஓர் இளைஞன் தன் சமயத்தைப் பற்றிக்கொண்டு எழுந்த கதை அது. திருக்கோணமலைக் கடற்கரையில் தொடங்கியதாகையால் அதனை நாம் நமது கதைகளுள் ஒன்றாகவும் கொள்ளலாம்.

1659 நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினக் கரையில் வீசிய புயலிலே ‘ஆன்’ கப்பலின் பெரிய பாய்மரம் போயிற்று. புதிய மரம் நாட்டவும், அவ்வேளையில் சிறிது வியாபாரம் செய்யவும் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. மரம் தாராளமாகக் கிடைக்கும் கரை. காற்றுக்கு ஒதுங்கத்தக்க குடா. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முற்றாகத் துரத்தி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத காலம். இராசசிங்கனோ, கடலிலிருந்து வரும் எவரையும் நம்பாத மன்னன். மன்னனுக்கு ஓலையோ காணிக்கையோ அனுப்பாமல் ஒரு கப்பல் அவன் கரையிலே நாட்கணக்கில் நின்றால் ஐயம் எழாமல் என்ன செய்யும்? படையோடு வந்த தளபதி, மன்னனின் திருமுகம் வந்திருப்பதாகச் சொல்லி அழைத்தான். நம்பிக் கரையேறியோர் அகப்பட்டனர். மொத்தம் பதினாறு பேர்.

அடுத்து நடந்ததை நான் பலமுறை படித்திருக்கிறேன். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி சொல்லி வர, மகனை அனுப்புமாறு தளபதி தந்தையிடம் கேட்டான். தந்தை அனுப்பினார். ஆனால், கப்பலைக் கொடுத்துவிடாமற் காத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் மகனிடம் இரகசியமாகச் சொல்லிவிட்ட செய்தி. கூடவே, என்னைத் தனியே விட்டுவிடாதே, திரும்பி வா என்று கடவுளின் பேரால் வாக்கும் வாங்கிக்கொண்டார். மகன் கப்பலேறினான். காலடியில் சொந்தக் கப்பலின் தளம். சுற்றிலும் சொந்த மொழி பேசும் தோழர்கள். எதிரே திறந்த கடல். கட்டளைக்குப் பணிய மாட்டோம் என்று கப்பலிலுள்ளோர் எழுதியதாக ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு அவன் கரைக்கே திரும்பிவிட்டான். பின்னர் கப்பல் அவர்களை விட்டுப் புறப்பட்டுப் போயிற்று. தந்தை சொற்காத்துக் காடேகியவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நமக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை.

கைதிகளைச் சங்கிலியிற் பூட்டவில்லை. மலைநாட்டுக் கிராமங்களிலே ஒருவர் இருவராகப் பிரித்து வைத்து, உணவு கொடுக்கும்படி ஊராருக்குக் கட்டளையிட்டான் மன்னன். நாடே சிறை; காடும் மலையும் மதில். தந்தையும் மகனும் ஏழு கோறளையிலே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். அங்கே குளிர்காய்ச்சல் இருவரையும் பிடித்தது. மகனையும் இந்தக் கதிக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்ற துயரம் தந்தையை நோயிலும் அதிகமாக அரித்தது. 1661 பெப்ரவரி 9ஆம் நாள் அவர் இறந்தார். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது ஊரார் கொடுத்தது மாடு கட்டும் கயிறு ஒன்றையே. பிணத்தை இழுத்துக்கொண்டு போய்க் காட்டில் விடுவதற்காம். காய்ச்சலோடிருந்த மகன் அதற்கு உடன்படாது, கூலி கொடுத்து ஒருவனைத் துணை சேர்த்துத் தந்தையை மண்ணிலே அடக்கினார். பதினாறு மாதம் அந்தக் காய்ச்சல் அவரை விடவில்லை. என் உயிரை எடுத்துக்கொள் என்று இறைவனிடம் மன்றாடியதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அவரிடம் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டும் கிறித்தவப் பக்திநெறி பற்றியவை. ஒன்று லூயி பெய்லி எழுதியது, மற்றது றொஜர்ஸ் என்பாருடையது. மதிய உணவின்பின் ஒன்றை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குப் போய் மரத்தடியிலே அந்தி மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் முறை வரும் நாளில் மட்டும் போவதில்லை. இரண்டு நூல்களும் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன. வேதாகமம் ஒன்று கிடைக்குமா என்ற ஏக்கம் மாத்திரம் எஞ்சி நின்றது. எங்கிருந்து கிடைக்கும்? ஆங்கில மொழியையே கேட்டறியாத மலைநாட்டுக் கிராமத்திலே!

ஒரு நாள் ஓடையொன்றிலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த கிழவர் ஒருவர், நொக்ஸோடிருந்த பையனிடம், உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தன் கையில் அகப்பட்ட புத்தகம் ஒன்று இருப்பதாகவும், விரும்பினால் விற்பதாகவும் சொன்னார். கொழும்புக் கோட்டை விழுந்தது 1656இல். அன்றுமுதல் தம்மால் வாசிக்க முடியாத ஒரு புத்தகத்தை அந்தக் கிழவர் வீட்டிலே வைத்திருந்திருக்கிறார். போர்த்துக்கேய நூலாக இருக்கும் என்று நொக்ஸ் அதைப் பெரிதாக எண்ணவில்லை. போய் வாங்கி வா பார்ப்போம் என்று பையனை அனுப்பினார். போன பையன் ஓடோடி வந்தான். வரும்போதே தூரத்திலிருந்து, இது வேதாகமம் என்று கூவினான். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு எழுந்தார்.

இந்தப் பையன் யார் என்று சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பலின் தலைவர் தமக்குப் பணிசெய்யப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்தவன் அவன். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பட்டினம் பரங்கிப்பேட்டை. அவன் நம்முடைய மொழியையே பேசியிருப்பான் என்று கொள்வதிலே பிழையில்லை. கண்டிச் சீமையில் தன் எசமானர், தன்னைப் போன்ற நிறமுடைய மக்களின் கைதியாகிவிட்டதைக் கண்டதும் அவன் சொற்கேளாதவனாகிவிட்டான் என்று நொக்ஸ் குறைப்படுகிறார். எனக்கோ அந்தப் பகுதியைப் படிக்கும்போது அவன்மேல் கோபம் வருவதில்லை. நேற்றுவரை தலைகுனிந்து நின்றவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஆங்கிலேயரிடம் பணிசெய்த பழக்கத்தால் அந்தப் புத்தகத்தைக் கண்டவுடன் அவனுக்கு இனங்காண முடிந்தது. தமிழில் அப்போது புதிய ஏற்பாடுகூட அச்சாகவில்லை. அவன் பிறந்த அதே கரையில், தரங்கம்பாடியில், அது அச்சேறுவதற்கு 1714ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கையிலிருந்த ஒரேயொரு வராகனையும் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தார். தடுத்தவனும் அந்தப் பையனே. ஆசையைக் காட்டிக்கொள்ளாதீர்கள், குறைந்த விலைக்கு நான் வாங்கித் தருகிறேன் என்பது அவன் யோசனை. முடிவில் ஒரு பின்னல் தொப்பிக்கு வேதாகமம் கைமாறிற்று. பட்டினியையும் சந்தையையும் அறிந்த பிள்ளை!

திறந்தவுடன் கண்ணிற் பட்ட இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம் என்று நொக்ஸ் எழுதுகிறார். மீட்படைய நான் என்ன செய்ய வேண்டும் என்று சிறைக்காவலன் கேட்பதும், இயேசுவை விசுவாசிக்கும்படி பவுல் விடை சொல்வதுமான இடம். நொக்ஸ் அந்த வினாவையும் விடையையும் மட்டுமே குறிக்கிறார். ஆனால் அந்த அதிகாரம் முழுவதையும் படித்தால் வேறொன்றும் புலனாகும். அது ஒரு சிறைக் கதை. பிலிப்பி நகரச் சிறையிலே, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்ட பவுலும் சீலாவும் நள்ளிரவில் இறைவனைப் பாடுகிறார்கள். நிலம் அதிர்கிறது; கதவுகள் திறக்கின்றன; கட்டுகள் கழல்கின்றன. கைதிகள் ஓடவில்லை. ஓடிவிட்டார்கள் என்று எண்ணிக் காவலன் தன்னைக் குத்திக்கொள்ளப் போகையில், நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று பவுல் தடுக்கிறார். கொட்டியாரத்தில் கப்பலேறிய பின்னும் தந்தைக்காகக் கைதியாகத் திரும்பி வந்த ஒருவரின் மடியிலே அந்தப் பக்கம் விரிந்தது. இதைத் தற்செயல் என்போர் சொல்லட்டும். அவருக்கு அது அப்படித் தோன்றவில்லை.

நான் சைவ மரபிலே வளர்ந்தவன். எனக்கு உடனே நினைவுக்கு வருவது, கல்லைப் பிணைத்துக் கடலில் இடப்பட்டபோதும் ஐந்தெழுத்தைத் துணையாகக் கொண்ட நாவுக்கரசர். நாவுக்கரசருக்குக் கல் மிதந்தது. பவுலுக்குக் கதவு திறந்தது. நொக்ஸுக்கு இரண்டும் நடக்கவில்லை. வேதாகமம் கையில் கிடைத்த பின்னும் ஆண்டுக்கணக்கிலே அவர் கைதியாகவே இருந்தார். மாறியது அவருடைய நிலைமை அன்று, அவரே. சாவை வேண்டியவர் தொப்பி பின்னி விற்றார்; பன்றியும் கோழியும் வளர்த்தார்; நிலம் வாங்கி வீடு கட்டினார்; நெல்லை வட்டிக்கும் கொடுத்தார், அதுவும் நூற்றுக்கு ஐம்பது வட்டிக்கு! பக்தி அவரைத் துறவியாக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

திருக்கோணமலையிலிருந்து இதை எழுதுபவன் ஒன்றைச் சொல்லாமற் போக முடியாது. ‘ஆன்’ கப்பல் கொட்டியாரத்துக்கு வருவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1622இல், கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அவர்களும் வேதாகமத்தை வணங்கியவர்களே. இடித்த கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அந்த இடிபாட்டுக்கிடையே யாரோ சிலர் திருவுருவங்களை மண்ணுக்குள் மறைத்தார்கள். 1950இலே நகரில் கிணறு வெட்டியபோது அவற்றுட் சில வெளிவந்தன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. விக்கிரகத்தை மண்ணில் மறைத்த கைகளுக்கும், வாசிக்கத் தெரியாத வேதத்தை வீட்டில் வைத்திருந்த கிழவருக்கும் இடையே நான் பெரிய வேறுபாடு காணவில்லை. ஒரே வேதம் ஒருவர் கையில் கடப்பாரைக்குத் துணைபோயிற்று. இன்னொருவர் கையில் உயிரைப் பிடித்து நிறுத்திற்று. இரண்டும் நமது மாவட்டத்தின் வரலாறே. 2004இன் கடலையும் 2006இன் இடப்பெயர்வையும் கண்ட மூதூரிலே கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றுபோல அடைக்கலம் தேடியோரைக் கண்டிருக்கின்றன. இடர்ப்பட்டவன் எதைப் பற்றிக்கொண்டு எழுந்தான் என்று கேட்கும்போது, எந்தச் சமயம் என்ற வினா இரண்டாவதாகவே வரும்.

1679 செப்டெம்பரில் நொக்ஸும், ஸ்ரீபன் றட்லண்ட் என்ற தோழரும் சில்லறைச் சாமான் விற்போர் போலப் புறப்பட்டார்கள். அநுராதபுரம் வந்து, மல்வத்து ஓயாவின் கரையோடு காடு வழியே இறங்கினார்கள். நாம் அருவியாறு என்று சொல்வது அதைத்தான். யானைக் காடு, இரவில் தீ வளர்த்துப் படுக்கை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அவர்கள் எதிர்ப்பட்டது தமிழரை. மொழி தெரியாது, கைச்சாடைதான். கத்தியும் புகையிலையும் கொடுத்து வழி கேட்டு, ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்கள். பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும்! அடுத்த ஆண்டு இலண்டன் சேர்ந்தவர், 1681இல் தமது நூலை வெளியிட்டார். விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார்.

அந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர் டானியல் டீபோ. 1720இல் வந்த தமது ‘கப்டன் சிங்கிள்ரன்’ நாவலிலே அவர் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தே இருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘றொபின்சன் குறூசோ’விலும் நாயகன் குளிர்காய்ச்சலில் கிடந்து, வேதாகமத்தைத் திறந்து, கண்ணிற் பட்ட முதல் வாசகத்தால் தேறுகிறான். நொக்ஸின் ஓடைக்கரையை அறிந்தவர்களுக்கு அந்த இடம் புதிதாகத் தோன்றாது. குறூசோவின் தீவை உலகமே அறியும். பண்டார கொஸ்வத்தையை எத்தனை பேர் அறிவர்?

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். நொக்ஸ் மீண்டும் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பற் தலைவரானார். ‘ரொன்குயின் மேர்ச்சன்ட்’ என்ற கப்பலோடு மடகஸ்காருக்குப் போய் அடிமைகளை வாங்கினார். சொந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டவனின் துயரம் எப்படிப்பட்டது என்று பத்தொன்பது ஆண்டு படித்தவர், அதே துயரத்தை விலைக்கு வாங்கி விற்றார். அவரைத் தேற்றிய வேதம் அவரைத் தடுக்கவில்லை. அல்லது அவர் அந்தப் பக்கங்களைத் திறக்கவில்லை. 1720 ஜூன் மாதம், மணம் செய்யாமலே அவர் இறந்தார்.

கல்லூரி வகுப்பிலே அந்த ஓடைக்கரைப் பகுதியை ஒருமுறை தமிழாக்கிச் சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்தப் பரங்கிப்பேட்டைப் பொடியன்ர பெயர் என்ன, சேர்?” என்று கேட்டாள்.

நொக்ஸ் எழுதவில்லை, பிள்ளை என்றேன்.