உப்பின் கணக்கு: திருப்பூர்ச் சாயத்தொழிலில் அறமும் உத்தியும்

வணிக அறம் பற்றிய விவாதங்களில் இரண்டு நிலைப்பாடுகள் அடிக்கடி எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். சுற்றுச்சூழல் விதிகளைச் சரியாக வகுத்தால் அவை புத்தாக்கத்தைத் தூண்டித் தம் செலவைத் தாமே ஈடுகட்டும் என்று 1990களில் மைக்கேல் போர்ட்டர் வாதிட்டார். இரண்டையும் உரசிப் பார்க்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. திருப்பூரின் தொழிலமைப்பு, அறமான முடிவைத் தனி முதலாளி ஒருவரால் எடுக்க முடியாதபடி அமைந்திருந்தது. எல்லோர் மீதும் ஒரே நாளில் விழுந்த கட்டாயமே அந்த முடிவைத் தாக்குப்பிடிக்கக்கூடிய உத்தியாக மாற்றியது. ஆனால் கணக்கில் ஒரு பகுதி இன்னும் தீரவில்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த சிக்கலின் வேர் உப்பில் இருக்கிறது. நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்னூட்டம் கொள்கிறது. ரியாக்டிவ் சாயமும் அதே மின்னூட்டம் உடையது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் விலக்கம் தணிந்து சாயம் துணியில் ஏறும். நிறம் அடர அடர உப்பும் கூடும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு லிட்டருக்கு 70, 80 கிராம் வரை போகும், கடல்நீரில் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. துணி இந்த உப்பை எடுத்துக்கொள்வதில்லை. கொட்டியது முழுவதும் சாயநீரோடும் அலசிய நீரோடும் வெளியேறிவிடுகிறது.

1990களின் பிற்பகுதியில் சாயப் பட்டறைகள் கூட்டாகக் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்பேட்டையும் கலந்து நிறத்தைப் பிரித்தன. நிறம் போயிற்று, உப்பு போகவில்லை. சேர்த்த வேதிப்பொருள்களால் கரைந்த திடப்பொருள் கூடவே செய்தது. அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஆற்றில் கலந்த நீர் அதைப் பன்மடங்கு மீறியது. இந்தக் கட்டத்தை வெறும் தொழில்நுட்பத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியும் கேட்டை அகற்றி, தெரியாததைத் தொடரவிட்ட அந்த முடிவு செலவைப் பார்த்து எடுக்கப்பட்டது. அதைப் பொறுப்பான செயல் என்று காட்டிக்கொள்ளவும் முடிந்தது.

நிறத்தை நீக்குவதைத் தாண்டி ஏன் யாரும் தனியாகப் போகவில்லை? பனியன் தொழில் ஜாப் ஒர்க் முறையில் இயங்குவது. நிட்டிங் ஒருவர், சலவை இன்னொருவர், சாயம் வேறொருவர், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கும். ஏற்றுமதியாளர் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சாயக்கூலி பேசுவார். ஒரு பட்டறைக்காரர் மட்டும் உப்பைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கியும் நிறுவிக் கூலியை ஏற்றியிருந்தால் மறுநாளே துணி அடுத்த பட்டறைக்குப் போயிருக்கும். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே விளக்கமாகாது.

அந்த உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். ஈரோடு, கரூர் பகுதிப் பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த இந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராடும் ஆயக்கட்டு விவசாயிகளை நமக்குத் தெரியும். இங்கோ திறக்காதே என்றார்கள். கிணறுகள் உப்பேறின, நிலங்கள் தரிசாயின.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கொள்கையை உச்சநீதிமன்றம் 1996லேயே இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் தொடுத்த வழக்கில், பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றத்தை எட்டச் சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் கெடு விதித்தது. அதுவரை இயங்குவோர் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதம் கட்ட வேண்டும். கெடு கடந்தும் கழிவு நிற்கவில்லை. இஸ்ரேலியக் குழந்தைகள் காப்பகங்களில் க்னீஸியும் ருஸ்டிகினியும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை அவர்கள் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். ஆற்றுக்கும் இங்கே ஒரு வாடகை நிர்ணயமானது போலத்தான் ஆயிற்று. 2009இல் உச்சநீதிமன்றம் தொழிலகங்களின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, அவமதிப்பு வழக்கில், எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி சாயமேற வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போயிற்று, தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள், அண்டை மாவட்டங்களில் அனுமதியற்ற பட்டறைகள் முளைத்தன. அதே ஆண்டில் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. சவ்வூடு வடிகட்டலில் மிஞ்சும் உப்புநீரை முழுவதும் காய்ச்சி வற்றவைக்காமல், சுத்தம் செய்து அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பும் முறை அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பயன்பட்டது. எரிபொருளும் மிச்சம், உப்பும் மிச்சம். பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. தூர எறிய வேண்டிய கழிவாக இருந்த உப்பு மூலப்பொருளாயிற்று. இன்று தொழில்துறையினர் வெளிநாட்டு வாங்குவோரிடம் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சாதனையைத்தான்.

போர்ட்டர் வென்றார் என்று இங்கே முடித்துவிடலாம். பாதி வென்றார் என்பதே சரி. விதி புத்தாக்கத்தைத் தூண்டியது உண்மை. ஆனால் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974 முதலே இருக்கிறது. ஏட்டில் இருந்த சட்டம் எதையும் தூண்டவில்லை. விலக்கின்றி எல்லோரையும் நிறுத்திய ஆணைதான் தூண்டியது. திருப்பூருக்குள் யாரும் யாரையும்விடக் குறைந்த கூலி கேட்க முடியாத நிலை அன்றுதான் உருவாயிற்று. ஃப்ரீட்மனின் வாதமும் இதே இடத்தில் தடுக்குகிறது. சட்டத்துக்கு உட்பட்டு என்ற நிபந்தனையை அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். அமலாகாத சட்டத்தில் மீறலின் ஆதாயமே சந்தை விலையாகிவிடுகிறது, கீழ்ப்படிபவர் நட்டப்படுகிறார்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கோரும் 2 சதவீத சமூகப் பொறுப்புச் செலவு இதற்கு மருந்தாகாது. பெரும்பாலான பட்டறைகள் அதன் வரம்புக்குள்ளேயே வராதவை. அதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு: அது லாபம் ஈட்டிய பிறகு பங்கு கேட்கிறது. நொய்யலில் நடந்த அநீதி லாபத்தைக் கணக்கிட்ட விதத்திலேயே இருந்தது. ஆற்றுக்கு நேர்ந்த இழப்பைச் செலவில் சேர்க்காமல் வந்த லாபத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்கித் தருவதைத் திருப்பிச் செலுத்துதல் என்று சொல்ல மாட்டேன்.

தீராத பகுதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, மண். உப்பேறிய வயல் சுத்திகரிப்பு நிலையம் திறந்த நாளில் மீள்வதில்லை. ஈட்டுத்தொகை கடந்த பருவங்களின் விளைச்சல் இழப்பை அளக்கிறது, வரப்போகும் பருவங்களை அளப்பதில்லை. மற்றொன்று, வாங்குபவர். தீர்ப்புகளின் வரிசையில் விவசாயி, பட்டறைக்காரர், அரசு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லோரும் தரப்பினராக இருக்கிறார்கள். பனியனின் விலையைத் தீர்மானித்த வெளிநாட்டுச் சில்லறை நிறுவனங்கள் மட்டும் இல்லை. உப்புநீரைச் சுத்திகரிக்காத நாட்டின் விலையைக் காட்டியே இன்றும் அவை பேரம் பேசலாம். நூல் விலையும் தையல் கூலியும் தனித்தனியாகப் பேசப்படும் கொள்முதல் ஒப்பந்தத்தில், சுத்திகரிப்புக் கட்டணமும் பேரத்துக்கு உட்படாத தனி இனமாக இடம்பெற வேண்டும். அதைத் தனியொரு ஏற்றுமதியாளர் கேட்டால் ஆர்டர் கைமாறும். ஏற்றுமதியாளர் சங்கம் கேட்கலாம், அரசு வர்த்தக ஒப்பந்தங்களில் கேட்கலாம்.